லீவுக்கு முன் எடிட்டிங் வேலையை அடுக்குவது: காமன் பொட்டலுக்குப் போக வேண்டிய ஒருவரின் கணக்கு

2025 பெப்ரவரி 5ஆம் திகதி, புதன்கிழமை. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் என் மேசை மேல் நாலு வேலை கிடந்தன. 26ஆம் திகதி சிவராத்திரி. அன்று காலை பஸ் ஏறி மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே காமன் கூத்து, காமன் – ரதி கதையை ஆடும் திருவிழா. அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் பொட்டலில், அதாவது கூத்துத் திடலில், காமன் நடுவார்கள், பௌர்ணமியோடு எரிப்பார்கள். தம்பி மகன் முதல் தடவையாக ரதி வேஷம் கட்டுகிறான். தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவில் லெப்டொப்பைத் திறந்து வைத்து ஒற்றுப் பிழை பார்த்த ஆண்டுகள் எனக்கு உண்டு. அது லீவும் இல்லை, வேலையும் இல்லை. இந்த முறை அப்படி வேண்டாம் என்று முடிவு செய்து, மூன்று வாரத்தை எப்படி அடுக்கினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்குக் காமன் கூத்து இல்லாவிட்டால் தீபாவளி, கல்யாணம், பிரசவம் என்று எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு ஒன்றுதான்.

எண்ணாமல் தொடங்க வேண்டாம்

வேலை குவிந்தால் கை தானாக மேலே கிடக்கும் பிரதியைத்தான் எடுக்கும். அதைத் தடுக்க வேண்டும். முதல் நாள் ஒரு வரிகூடத் திருத்தாமல் எண்ண மட்டும் செய்யுங்கள்.

எண்ணுவதற்கு முன் எழுத்துருவைப் பாருங்கள். நம் பக்கத்தில் இன்னும் பாதிப் பிரதிகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் வருகின்றன. யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் உண்மையான நிலைமை தெரியும். இடையில் வந்த ஆங்கிலச் சொல்லெல்லாம் மாற்றியில் அரைபட்டு அர்த்தமில்லாத தமிழாகி நிற்கும். ரகரமும் காலும் (ா) பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் அவசரத்தில் ஒன்றுக்கு மற்றதை அடித்திருப்பார்கள். பாமினியில் அது கண்ணுக்குத் தப்பிவிடும். யூனிகோடுக்கு வந்ததும் கால் தனியாகப் பிரிந்து புள்ளி வட்டத்தோடு நிற்கும். இதைச் சுத்தம் செய்யவே அரை நாள் போகும். அந்த அரை நாளைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் கடைசி வாரத்தில் அழுகிறவர்கள்.

அடுத்து, ஒவ்வொரு பிரதியிலும் நடுவிலிருந்து பத்துப் பக்கம் எடுத்து மணி பார்த்துத் திருத்திப் பாருங்கள். முதல் பத்துப் பக்கத்தை நம்பாதீர்கள். எல்லா எழுத்தாளரும் முதல் அத்தியாயத்தை ஏழு தடவை திருத்தியிருப்பார்கள், ஆறாவது அத்தியாயத்தைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். என் கை வேகம் இது: மெய்ப்பு, அதாவது அச்சுப்பிழை பார்ப்பது மட்டும் என்றால் மணிக்குப் பத்துப் பக்கம், மொழி திருத்தம் என்றால் ஐந்து, வாக்கியத்தையே பிரித்துக் கட்ட வேண்டியிருந்தால் மூன்று. உங்கள் வேகத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். அடுத்தவர் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அடுத்தவர் லீவுதான் கிடைக்கும்.

அன்று வந்த கணக்கு:

சிறுகதைத் தொகுப்பு, இரண்டாம் மெய்ப்பு, 160 பக்கம் (அச்சில் ஒன்றாக ஓடும் பதினாறு பக்கம் ஒரு பாரம், அப்படிப் பத்து): 16 மணி.
பட்டப்பின் ஆய்வேடு, மொழி திருத்தம், 220 பக்கம்: 44 மணி.
தோட்டப் பாடசாலை ஒன்றின் நூற்றாண்டு மலர், 96 பக்கம், கட்டியெழுப்ப வேண்டிய வேலை: 32 மணி.
ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கைத் தமிழாக்கம், 40 பக்கம்: 8 மணி.

மொத்தம் 100 மணி.

இனிக் கையில் உள்ள நேரம். 5 முதல் 25 வரை இருபத்தொரு நாள். அதில் ஞாயிறு மூன்று, 12ஆம் திகதி போயா (பௌர்ணமி விடுமுறை) ஒன்று போக 17 நாள். கடைசி இரண்டு நாளையும் கழித்துவிடுங்கள், காரணம் பின்னால் சொல்கிறேன். மிச்சம் 15. ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் உருப்படியாக எடிட் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. ஆகவே 75 மணி. அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்வெட்டு, நெட்வேர்க், காய்ச்சல், செத்த வீடு என்று ஒதுக்கினால் நிற்பது 60.

அந்த ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்று நினைப்பவர்களுக்கு: நான் கணக்குப் போட்ட நாலாம் நாள், 9ஆம் திகதி, நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். அது ஞாயிற்றுக்கிழமை என்பதால் எனக்கு நட்டமில்லை. ஆனால் அதைத் தொடர்ந்து 10ஆம் 11ஆம் திகதிகளில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு வந்தது. குரங்குக்கும் மேசையில் இடம் ஒதுக்கத்தான் வேண்டும்.

நூறை அறுபதுக்குள் எப்படி அடைப்பது

நாற்பது மணி இடிக்கிறது. இரவு விழித்தால் அடைந்துவிடும் என்று தோன்றும். அடையாது. இரவு பதினொன்றுக்கு மேல் நான் திருத்திய பக்கங்களைக் காலையில் மறுபடியும் திருத்தியிருக்கிறேன், அவ்வளவுதான் அதில் கண்ட பலன்.

கெடு எப்போது என்று பார்க்காமல், இதற்காக யார் கை கட்டிக் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கெடு என்பது பெரும்பாலும் யாரோ வாய்க்கு வந்தபடி சொன்ன திகதி. காத்திருக்கும் ஆள் நிஜம்.

ஆய்வேட்டுக்காரத் தங்கைக்குப் போன் போட்டேன். முழுவதும் வேண்டும் என்றுதான் முதலில் சொன்னாள். "மேற்பார்வையாளர் இப்ப எதைக் கேக்கிறாங்க?" என்று கேட்டதும், முதல் மூன்று அத்தியாயம் என்றாள். அது 110 பக்கம், 22 மணி. மிச்ச 22 மணி லீவுக்குப் பின்னால் போனது. அவளுக்கும் நல்லதுதான். மேற்பார்வையாளர் முதல் மூன்றில் சொல்லும் மாற்றம் நாலாவதுக்கும் பொருந்துமே.

சிறுகதைத் தொகுப்பின் முதல் மெய்ப்பை நானே வரிவரியாகப் பார்த்திருந்தேன். இரண்டாம் மெய்ப்பில் என் பொறுப்பு, சொன்ன திருத்தம் ஏறியிருக்கிறதா, ஏற்றிய இடத்தில் பக்கத்து வரி குலைந்திருக்கிறதா என்று பார்ப்பது மட்டும். முழு வாசிப்பை ஆசிரியரிடம் கொடுத்தேன். 16 மணி 8 ஆனது.

மலரில் இருபது பக்கம் ஆசிச் செய்திகள். கல்விப் பணிப்பாளர் முதல் பழைய மாணவர் சங்கச் செயலாளர் வரை எல்லோரும் "பேருவகை அடைகின்றேன்" என்று அடைந்திருப்பார்கள். அதைக் கட்டியெழுப்பப் போகாதீர்கள். பெயர், பதவி, ஒற்றுப் பிழை பார்த்தால் போதும். 6 மணி 40 நிமிட வேலை 2 மணியில் முடிந்தது. சேமிப்பு 4 மணி 40 நிமிடம்.

ஆண்டறிக்கையை மட்டக்களப்பில் உள்ள நண்பரிடம் கொடுத்தேன். கைமாற்ற 2 மணி என்று வைத்தேன், 6 மணி மிச்சம். கைமாற்றும் நேரத்தைப் பூச்சியமாகப் போடாதீர்கள். வேலையை வாங்கியவர் முதல் நாள் நாலு தடவை போன் எடுப்பார்.

22, 8, 4.40, 6. கூட்டினால் 40 மணி 40 நிமிடம். அடைந்துவிட்டது.

சொல்லிவிடுவது

இதைக் கணக்குப் போட்ட அன்றே செய்ய வேண்டும். லீவுக்கு முதல் நாள் சொன்னால் அது தகவல் இல்லை, தப்பியோடல். மலருக்குப் பொறுப்பான பாடசாலை அதிபரிடம் நான் பேசியது ஏறத்தாழ இப்படி:

"சேர், 26ல இருந்து ரெண்டரை வாரம் நான் தோட்டத்துல. காமன் கூத்து."

"அதுக்கென்ன தம்பி, லெப்டொப்ப கொண்டு போங்களேன். ராவைக்குத்தானே கூத்து."

"இல்ல சேர், கொண்டு போகல. 24ஆம் திகதி காலையில மலர் முழுசா உங்க கையில இருக்கும். நான் கேக்கிற கேள்விக்கு மட்டும் 19க்குள்ள பதில் தந்துருங்க."

"கேள்வியா? எத்தினை?"

"இப்போதைக்குப் பதினொண்ணு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி, எழுத்தில அனுப்புங்க" என்றார்.

இதில் பிடித்துக்கொள்ள வேண்டியது, மறுப்புக்கும் திகதிக்கும் இடையில் இடைவெளி விடாமல் பேசுவதுதான். "இயலாது" என்று நிறுத்தினால் பேரம் தொடங்கும். "இயலாது, ஆனால் 24" என்றால் பேச்சு 24இல் போய் நிற்கும். மன்னிப்பு இரண்டு தடவைக்கு மேல் கேட்காதீர்கள், அதைக் கதவு திறந்திருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். சம்பளம் பற்றியும் அதே போனில்: முடிந்த பகுதிக்கு உரியதை 25க்கு முன் போட்டுவிடச் சொல்லுங்கள். பண்டிகைக்குத் தோட்டத்திலேயே முற்பணம் கொடுக்கிறார்கள், நமக்கு மட்டும் ஏன் வெட்கம்.

ரவுண்ட் ரவுண்டாகப் போவது

தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு மலைக்கு ஏழெட்டு நாளைக்கு ஒரு ரவுண்ட் வர வேண்டும். ரவுண்ட் தவறினால் இலை முற்றிவிடும், பிறகு எவ்வளவு கை வேகம் இருந்தாலும் பிரயோசனமில்லை. எடிட்டிங்கும் அப்படி. அவசரத்தில் எல்லோரும் செய்வது, ஒரே வாசிப்பில் ஒற்றும் பார்த்து, வாக்கியமும் திருத்தி, ஆண்டும் சரிபார்த்துப் போவது. மூன்றும் அரைகுறையாகும். மூன்று ரவுண்டாகப் பிரித்தால் மொத்த நேரம் குறையும் என்று அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் ரவுண்ட் தேடி மாற்றுவது. மூளை வேண்டாம், பிற்பகல் தூக்கக் கலக்கத்தில்கூடச் செய்யலாம். றகர ஒற்றுக்குப் பின்னால் இன்னொரு ஒற்று தமிழில் வரவே வராது. ஆகவே "ற்ச்", "ற்க்", "ற்ப்" என்று தேடினால் முயற்ச்சி, பயிற்ச்சி, அதற்க்கு எல்லாம் வரிசையாக வந்து நிற்கும், கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். "1948ம் ஆண்டு" எல்லாவற்றையும் "1948ஆம் ஆண்டு" ஆக்கலாம். ஆனால் ஔகாரத்தில் மட்டும் கண்ணை மூடாதீர்கள். பாமினியிலிருந்து வரும் பிரதியில் கௌரவம், மௌனம் எல்லாம் ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக உடைந்து கிடக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று, தேடினால்தான் அகப்படாது. ஒரு தடவை எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் மாற்றினேன். கதையொன்றில் வந்த கெளுத்தி மீனுக்கு ஔகாரம் முளைத்து, எழுத்து இரண்டாகப் பிளந்து போனது. ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

இரண்டாம் ரவுண்ட் வாக்கியம். இதற்குக் காலை நேரம். போன் வேறு அறையில். மலரிலிருந்து ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்:

"எமது பாடசாலையானது 1925ம் ஆண்டளவில் தோட்ட நிருவாகத்தினால் ஆரம்பிக்கப்பட்டு இன்று நூற்றாண்டினை கொண்டாடிக் கொண்டிருக்கும் இவ் வேளையில் அதன் வளர்ச்சியில் பங்குகொண்ட அனைவரும் நினைவு கூரப்பட வேண்டியவர்களாவர்."

ஒற்று மட்டும் பார்ப்பவர் "நூற்றாண்டினைக்" என்று க் போட்டு, "இவ்வேளையில்" என்று சேர்த்து, "நினைவுகூரப்பட" என்று ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போவார். நான் இப்படிப் பிரித்தேன்: "1925இல் தோட்ட நிர்வாகம் தொடங்கிய எமது பாடசாலைக்கு இது நூறாவது ஆண்டு. அதை வளர்த்தவர்களை இந்த வேளையில் நினைக்கிறோம்." எழுதி முடித்த பிறகுதான் உறுத்தியது. மூலத்தில் "ஆண்டளவில்" என்று இருந்ததே? ஆண்டு நிச்சயமாகத் தெரியாமலா நூற்றாண்டு விழா? அதுதான் அதிபருக்கு அனுப்பிய பதினொரு கேள்வியில் முதலாவது. பழைய லொக் புத்தகத்தைப் பார்த்துவிட்டு "1925 சரி, அளவை எடுத்துருங்க" என்று பதில் வந்தது. சரியான இடத்தில் கேட்ட ஒரு கேள்வி, நூறு ஒற்றுக்குச் சமம். வாக்கியத்தைப் பிரிக்காமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

மூன்றாம் ரவுண்ட் பெயர், ஆண்டு, எண். மலையக வரலாறு தொட்ட பிரதி என்றால் சில இடங்களில் கால் வழுக்குவது வழக்கம். இந்திய வம்சாவளித் தோட்ட மக்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்ட ஒப்பந்தங்கள் இரண்டு: 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி ஒப்பந்தம் சிறிமா – சாஸ்திரி, 1974ஆம் ஆண்டினது சிறிமா – இந்திரா. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது சர்வ சாதாரணம். முதலாவதில் இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர் என்று பிரித்து, 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். இரண்டாவதில் அந்த 150,000 பேரைத்தான் பாதி பாதியாக, 75,000 வீதம் பகிர்ந்தார்கள். ஆய்வேட்டில் கூட்டுத்தொகை 975,000 வராவிட்டால் எங்கோ ஓர் எண் பிசகியிருக்கிறது. பிரசாவுரிமைச் சட்டம் 1948. தோட்டங்கள் அரசுடைமையானது 1972, 1975 என்று இரு கட்டமாக. தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் ஒரு பக்கத்தில் நடேச ஐயராகவும் இன்னொரு பக்கத்தில் நடேசையராகவும் வருவார். இந்த ரவுண்டில் நடையைத் தொடாதீர்கள். தொட்டால் எண் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

சொற்பட்டியல், அதைவிட முக்கியமாக அரைப்பேர் கதை

சில வருஷத்துக்கு முன்னால் இதே மாசியில் தோட்டத்து அம்மா ஒருவரின் வாழ்க்கைக் கதைப் பிரதியைப் பாதியில் வெளியூர் நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். நல்ல எடிட்டர், என்னைவிட இலக்கணம் தெரிந்தவர். நான் கொடுத்தது பிரதி மட்டும். திரும்பி வந்து அச்சான புத்தகத்தைப் பிரித்தால், "அன்று கொழுந்து குறைந்ததால் அரைப்பேர்தான் போட்டார்கள்" என்று அந்த அம்மா சொன்ன வரி "அரைப் பெயர்தான் போட்டார்கள்" என்று இருக்கிறது. கிலோ குறைந்தால் அரைநாள் சம்பளம் என்பது அவருக்குத் தெரியாது. கொச்சை என்று நினைத்துத் திருத்தியிருக்கிறார். கொந்தரப்பு எல்லாம் ஒப்பந்தமாகியிருந்தது. பெரட்டு, அதாவது காலையில் வேலை பிரிக்கக் கூடும் கூட்டம், ஓரிடத்தில் புரட்டு ஆகியிருந்தது. அதை வாசித்த கணக்குப்பிள்ளை ஒருவர் என்னிடம் கேட்டார், "ஏன் தம்பி, காலையில ஆறு மணிக்குப் புரட்டு பேசவா போனோம்?"

பிழை நண்பருடையது இல்லை, என்னுடையது. அன்றிலிருந்து பிரதியோடு ஒரு பட்டியல் போகாமல் எதுவும் என் கையை விட்டுப் போவதில்லை. இரண்டு நிரை போதும். ஒன்றில் ஒரே மாதிரி எழுத வேண்டியவை: ஹட்டனா அட்டனா, தலவாக்கலையா தலவாக்கொல்லையா, லயமா லயனா (தொழிலாளர் வரிசை வீடு). எது என்பது முக்கியமில்லை, ஒன்றாக இருக்க வேண்டும். மற்றதில் தொடக்கூடாதவை, பக்கத்தில் ஒரு வரி விளக்கத்தோடு: பெரட்டு, அரைப்பேர், கொந்தரப்பு, கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), தொங்கல் லயம். லீவுக்கு முன்னால் உட்கார்ந்து இதைத் தயாரிக்கலாம் என்று நினைக்காதீர்கள். திருத்தத் திருத்த எழுதிக்கொண்டே போக வேண்டும். கடைசி நாளில் ஞாபகத்திலிருந்து எழுதினால் உங்களுக்குப் பழகிப்போன சொற்கள்தான் விட்டுப்போகும், அவைதான் மற்றவருக்குப் புதியவை.

கோப்புகள்

சுருக்கமாகச் சொல்கிறேன். பெயரில் திகதி இருக்கட்டும், "இறுதி", "இறுதி புதியது" என்று வேண்டாம். வேர்டில் ட்ரெக் சேஞ்சஸைப் போட்டு, செய்த திருத்தம் தெரியும்படியே அனுப்புங்கள், சுத்தப் பிரதி ஒன்று தனியாக. ஒன்று மெயிலில், ஒன்று பென் டிரைவில். பென் டிரைவை லெப்டொப் பையிலேயே போட்டுவிடாதீர்கள், பை தொலைந்தால் இரண்டும் போகும். அச்சகத்துக்கு வட்ஸ்அப்பில் திருத்தம் சொல்லாதீர்கள். பக்கம், வரி, உள்ளது, வேண்டியது என்று ஒரே தாளில் கொடுங்கள்.

கடைசி இரண்டு நாள்

24உம் 25உம். இந்த இரண்டு நாளிலும் புதிய பக்கம் ஒன்றையும் திறப்பதில்லை. திங்கள் காலை எட்டரைக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். இரவு அனுப்பியிருந்தால் அவர்கள் மறுநாள் பார்ப்பார்கள், கேள்வி மாலையில் வரும், விடிந்தால் நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். காலையில் அனுப்பியதால் மத்தியானத்துக்குள் அச்சகத்திலிருந்து போன்: ஏழாம் பாரத்தில் எழுத்துரு உடைந்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது. பிடிஎப்பில் எழுத்துருவைப் பதிக்காமல் சேமித்திருந்தேன். பத்து நிமிட வேலைதான். தோட்டத்தில் இருந்தபோது அந்தப் போன் வந்திருந்தால், சிக்னல் பிடிக்க மேட்டு லயத்துக் கோடிக்கு ஏறி, லெப்டொப் உள்ள யாரையாவது தேடி, ஒரு பகல் போயிருக்கும். அனுப்பிவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காமல், போன் எடுத்து "திறந்து பாத்தீங்களா, கடைசிப் பக்கம் வருதா" என்று கேளுங்கள்.

25ஆம் திகதி கைமாற்றுத் தாள். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் வாசிக்க மாட்டார்கள். மலருக்கு நான் எழுதியது இவ்வளவுதான்:

"பக்கம் 1 – 96 மூன்று ரவுண்டும் முடிந்தது. பக்கம் 41 படக்குறிப்பில் இரண்டாவது வரிசை இடமிருந்து மூன்றாமவர் பெயர் உறுதியாகவில்லை. அதிபர் சேர் சொன்னால் போடுங்கள், சொல்லாவிட்டால் 'பெயர் அறியப்படவில்லை' என்று விடுங்கள், ஊகிக்க வேண்டாம். பக்கம் 58 கவிதையில் வரி உடைப்பு எழுதியவர் விருப்பம், சேர்க்க வேண்டாம். சொற்பட்டியல் தனியாக இருக்கிறது. என்னைக் கேட்காமல் நீங்கள் முடிவு செய்யலாம்: படத்தின் அளவு, பக்க எண், ஆசிச் செய்தி வரிசை."

கடைசி வரிதான் போனை மௌனமாக வைத்திருக்கும் வரி. என்ன செய்யக்கூடாது என்று மட்டும் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்பார்கள்.

போன பிறகு

காலையில் ஒரு மணி நேரம் மட்டும் மெயில் பார்க்கிறேன் என்ற ஏற்பாட்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த ஒரு மணியில் கண்டதை மிச்சப் பகல் முழுக்கத் தலையில் சுமந்து திரிவீர்கள். ஒரே ஒரு நம்பரை, ஒரே ஒரு ஆளுக்கு, அதாவது அச்சகத்துக்கு மட்டும் கொடுத்தேன். பிளேட் போட்ட பிறகு திருத்தினால் காசு, அதனால் அவர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை. அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அதிபர் எடுத்தார், காமன் நட்டு நாலைந்து நாள் கழித்து, தம்பி வீட்டு நம்பரைத் தேடிப் பிடித்து. வயிற்றைக் கலக்கியது. "ஒண்ணுமில்ல தம்பி, அந்த மூணாவது ஆள் பேர் கிடைச்சிருச்சு, பழைய ஹெட்மாஸ்டர்ட மருமகன். போட்டாச்சு. ரதி எப்படி ஆடுறான்?" என்றார்.

திரும்பி வந்த முதல் நாள் எடிட்டிங் வைக்காதீர்கள். வந்து கிடப்பவற்றை வாசித்து, மறுபடியும் எண்ணுவதற்கு அந்த நாள். எனக்கு ஆய்வேட்டின் முதல் மூன்று அத்தியாயமும் மேற்பார்வையாளரின் குறிப்புகளோடு வந்து கிடந்தன. "லயன்" என்பதை எல்லா இடத்திலும் "லயம்" ஆக்கும்படி சொல்லியிருந்தார். நாலாம் அத்தியாயத்தைத் திறப்பதற்கு முன் சொற்பட்டியலில் அந்த ஒரு சொல்லை மாற்றினேன்.